110 கொரோலா ஓட்டோ: பெல் ஹவுசிங் அடியில சிவப்பு ஒயில். முன் சீல்தானா?

#1 நல்லூர்110
வாகனம் ரொயோட்டா கொரோலா 110, 1997, 5ஏ பெற்றோல் எஞ்சின், 4 கியர் ஓட்டோ (ஓவர் ட்ரைவ் பட்டன் இருக்கு). காலமையில நிலத்தில ரண்டு ரூபாய்க் குத்தியளவு கறை. சிவப்பும் மண்ணிறமும் கலந்த நிறம். எஞ்சினும் கியர்பெட்டியும் பொருந்துற இடத்தின்ர அடி முழுக்க ஈரம். கியர் விழுறதில தாமதம் இல்லை, நழுவலும் இல்லை. போன ஒரு மாதத்தில கால் லிட்டர் ஏ.டி.எஃப் (ஓட்டோ கியர் ஒயில்) விட வேண்டி வந்தது.
கராஜில "முன் சீல் (கியர்பெட்டி பம்பில எஞ்சின் பக்கம் இருக்கிற சீல்) பழுதாப்போட்டுது, பெட்டி இறக்க வேணும்" எண்டு சொல்லியாச்சு. இறக்கிறதுக்கு முதல் வெளியில வைச்சே என்னென்ன பாக்கலாம்?

#2 ஒயில்கறை
தம்பி, பெல் ஹவுசிங் அடி ஈரமா இருக்கெண்டதை வைச்சு ஒண்டும் சொல்லேலாது. கார் முழுக்கப் பாத்தாலும் தாழ்ந்த இடங்களில அது ஒண்டு. மேல எங்க ஒழுகினாலும் கடைசியில அங்கதான் வந்து தொங்கும். ஓடேக்க காத்து எல்லாத்தையும் பின்னுக்குத் தள்ளும். அதால ஒழுகுற இடத்தைத் தேடேக்க எப்பவும் மேலயும் முன்னுக்கும் தேட வேணும். துளி விழுற இடத்தைப் பாத்துக்கொண்டு நிண்டால் விடை வராது.

நீங்கள் தந்த கணக்கிலயே ஒரு துப்பு கிடக்கு. மாதம் 250 மில்லி எண்டால் நாளுக்கு 8 மில்லிக்கு மேல. ஒரு மில்லிக்கு 20 துளி எண்டு வைச்சாலும் 160 துளி. குத்தியளவு கறைக்கு நாலைஞ்சு துளி போதும். அப்ப மிச்சம் எங்க போகுது? கார் ஓடேக்க போகுது. அமுக்கம் ஏறினால் மட்டும் ஒழுகுற இடம் எண்டு அர்த்தம்: றேடியேற்றருக்குள்ள கியர் ஒயிலை ஆற வைக்கிற கூலருக்குப் போற ரண்டு ஹோஸ், அல்லது முன் சீல். கராஜ்காரர் சொன்னது பிழையெண்டு நான் சொல்லேல்லை. ஆனால் ஹோஸ் மாத்திறது அரை மணித்தியால வேலை, பெட்டி இறக்கிறது முழு நாள் வேலை. லேசானதை முதல் கழிச்சுக்கொண்டு வாருங்கோ.

இன்னொண்டு. 110 இல பவர் ஸ்ரீயறிங்குக்கும் விடுறது டெக்ஸ்ரோன் வகை ஏ.டி.எஃப் தான். நிறமும் மணமும் ஒண்டு. ஸ்ரீயறிங் ரக் எஞ்சினுக்குப் பின்னால குறுக்கா நிக்குது. அதில ஒழுகினாலும் சிவப்பாத்தான் விழும். ஸ்ரீயறிங் ஒயில் ரிசவரில இண்டைய மட்டத்துக்கு ஒரு ஒட்டு நாடா (ரேப்) ஒட்டி விடுங்கோ. நாலு நாளில அசையேல்லையெண்டால் அந்தச் சந்தேகம் முடிஞ்சுது.

#3 கோவை_ராட்செட்
நிறம் கலந்திருக்குன்னு சொல்றீங்களே, அதை விட்டுடாதீங்க. வெள்ளை டிஷ்யூ பேப்பர்ல ஒவ்வொரு சொட்டா விட்டு அரை மணி நேரம் வைங்க. ஏ.டி.எஃப் சன்னமா அகலமா பரவும், ஓரத்துல ரோஸ் வளையம் தெரியும். இன்ஜின் ஆயில் நடுவுல கறுப்பா நிக்கும். ரெண்டும் தெரிஞ்சா ரெண்டு லீக் இருக்குன்னு அர்த்தம். பழைய வண்டியில ஒரே ஒரு லீக்தான் இருக்கும்னு நினைச்சுத்தான் பாதிப் பேர் ஏமாறுறாங்க.

அப்புறம் கழுவணும். கழுவாம லீக் தேடறது வீண் வேலை. டீசல் இல்லாட்டி மண்ணெண்ணெய், பெயின்ட் பிரஷ், அதுக்கு மேல பிரேக் கிளீனர் ஸ்ப்ரே. இன்ஜின் ஆறின பிறகுதான், எக்ஸாஸ்ட் சூடா இருக்கும்போது வேண்டாம். பிரஷர் வாட்டர் அடிக்கிறதா இருந்தா டிஸ்ட்ரிபியூட்டரையும் (ஸ்பார்க் பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரிச்சு விடற பாகம்) நியூட்ரல் சுவிட்ச் கனெக்டரையும் பாலிதீன் கவரால கட்டிடுங்க. கியர்பாக்ஸ் மேல இருக்கிற பிரீதர் (உள்காத்து வெளியேற வழி) மேல நேரா அடிச்சா தண்ணி உள்ள போயிடும். ஏ.டி.எஃப்ல தண்ணி சேர்ந்தா கிளட்ச் பிளேட்டோட ஃப்ரிக்‌ஷன் பேப்பர் உரிஞ்சு வந்துடும். அதுக்கு இந்த லீக்கே தேவலாம்.

காஞ்ச பிறகு சந்தேகப்படுற இடத்துல எல்லாம் முகத்துக்குப் போடற பவுடரைத் தூவி 10 கிலோமீட்டர் ஓட்டிட்டுப் பாருங்க. ஈரம் பட்ட கோடு அப்படியே தெரியும். புற ஊதா சாயம் கிடைச்சா இன்னும் சுலபம், ஆனா ஏ.டி.எஃப்க்கு விடறதை பவர் ஸ்டீயரிங்குக்கும் சேர்த்து விட்டுடாதீங்க. ரெண்டும் ஒரே நிறத்துல ஒளிரும், மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிக்கணும்.

#4 நல்லூர்110
ரேப் ஒட்டி நாலு நாள். ஸ்ரீயறிங் மட்டம் மயிரிழையும் அசையேல்லை. ரிசூ (டிஷ்யூ) பேப்பரில ரண்டு விதமும் தெரியுது: ரோஸ் வளையம், நடுவில கறுப்பு.
டிப்ஸ்டிக் காலமையில எஞ்சின் ஓஃபில பாத்தால் 'ஹொட்' எண்ட சூட்டு அளவின்ர மேல் கோட்டுக்கும் மேல காட்டுது. குறையிறதெண்டு நினைச்சு விட்டது பிழையோ?

#5 ஒயில்கறை
ஓஃபில பாத்தது பிழை. எஞ்சின் நிண்டிருக்கேக்க ரோர்க் கொன்வேட்டரில (எஞ்சின் சுழற்சியை ஒயில் வழியாப் பெட்டிக்குக் கடத்துற பாகம்) இருக்கிற ஒயில் மெல்ல மெல்ல ஒயில் பானுக்கு இறங்கும், மட்டம் ஏறிக் காட்டும். ரொயோட்டாவில பாக்கிற முறை இது: 15–20 நிமிசம் ஓடி ஒயில் 70–80 பாகை சூட்டுக்கு வரட்டும். சமதரையில நிப்பாட்டி, பிறேக்கை மிதிச்சபடி லீவரைப் 'பி' யிலயிருந்து 'எல்' வரைக்கும் ஒவ்வொரு நிலையிலயும் ஒரு விநாடி வைச்சு, திரும்ப 'பி' க்குக் கொண்டு வாருங்கோ. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க டிப்ஸ்டிக்கை இழுத்து, துடைச்சு, முழுக்கச் சொருகி, திரும்ப இழுங்கோ. ஈரம் ரண்டு பக்கமும் சமனா நிக்கிற இடம்தான் மட்டம். ஒரு பக்கம் உயரமாவும் மற்றப் பக்கம் பதிவாவும் இருந்தால் பதிவானதைத்தான் எடுக்க வேணும். உயரமானது குழாய்ச் சுவரில ஒட்டியிருந்த ஒயில்.

கூட விட்டிருந்தால் அதுவும் ஒரு ஒழுக்குத்தான். மட்டம் கூடினால் சுத்துற பாகங்கள் ஒயிலை அடிச்சு நுரையாக்கும், நுரை பிறீதராலயும் டிப்ஸ்டிக் குழாயாலயும் வெளியேறும். மேலயிருந்து வழியிற அந்த ஒயிலைக் கண்டு சீல் மாத்தினவையும் இருக்கினம்.

#6 கோவை_ராட்செட்
ஒரு திருத்தம், இந்த இழையைப் படிக்கிற மத்தவங்களுக்காக. ஹோண்டா ஆட்டோவுல இது தலைகீழ். சூடாக்கி, இன்ஜினை ஆஃப் பண்ணி, 60–90 செகண்டுக்குள்ள பார்க்கணும். ஓடும்போது பார்த்தா கம்மியா காட்டும், நீங்க ஊத்த, அது ஓவராயிடும். கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

#7 எம்800_மதுரை
லீக் ஸ்டாப் பாட்டில் விக்குதே, அதை ஊத்திப் பார்க்கலாமே? இங்க சில மெக்கானிக்குங்க கொஞ்சம் பிரேக் ஆயில் விட்டாலே சீல் ஊதி அடைச்சுக்கும்னு சொல்றாங்க.

#8 பஞ்சிகாவத்தை_பட்டியல்
பிரேக் ஒயில் விடவே கூடாது. அது கிளைக்கோல், ஏ.டி.எஃப் மினரல் எண்ணெய், இரண்டும் சேராது. சீல் ஊதும் என்பது உண்மை, ஆனால் ஊதுவது ஒழுகும் சீல் மட்டும் இல்லை. கிளட்ச் பிஸ்டன் சீல்கள், வால்வ் பொடிக்குள் (கியர் மாற்ற ஒயிலைப் பிரித்து அனுப்பும் பகுதி) இருக்கும் ரப்பர் எல்லாம் சேர்ந்தே ஊதி, பிறகு கூழாகும். அதன் பிறகு முழுப் பெட்டியும் பிரிக்க வேண்டும்.

லீக் ஸ்டொப் போத்தல் வேறு கதை. காய்ந்து இறுகின சீல் உதட்டை அது கொஞ்சம் மெதுமையாக்கும். நின்றால் மட்டும் கசிகிற பழைய அக்சில் சீலில் (சில்லுக்குப் போகும் தண்டைச் சுற்றியுள்ள சீல்) சில மாதம் தாக்குப்பிடிக்கலாம். வெடித்த ஹோசுக்கும், தட்டையாகிப்போன ஓ-றிங்குக்கும் (வட்ட ரப்பர் வளையம்), தேய்ந்து குழி விழுந்த தண்டுக்கும் அதால் ஒன்றும் ஆகாது. கண்டுபிடிக்க முன் ஊற்றினால் ஒழுக்கு குறைந்தும் குறையாமலும் போய், தேடுகிற வேலைதான் கெடும்.

#9 எம்800_மதுரை
சரி சார், விட்டுட்டேன். என் மாருதி 800 மேனுவல்லயும் டிரைவ் ஷாஃப்ட் பக்கம் ஆயில் கசியுது, அதுக்கும் இதே தேடல்தானா?

#10 கோவை_ராட்செட்
தேடல் அதேதான்: கழுவு, பவுடர், மேல பாரு. ஆனா டிப்ஸ்டிக் கிடையாது. சைடுல இருக்கிற லெவல் பிளக்கைக் கழட்டினா ஆயில் ஓட்டையோட கீழ் விளிம்புக்கு நிக்கணும். டிரைன் பிளக்கைத் திறக்கிறதுக்கு முன்னாடி இந்த லெவல் பிளக் கழலுதான்னு பாருங்க, இல்லேன்னா காலி பெட்டியோட மாட்டிக்குவீங்க. ஜிஎல்-4 ஆயில் மட்டும். ஜிஎல்-5ல இருக்கிற கந்தகச் சேர்மானம் சின்க்ரோ வளையத்துப் பித்தளையைத் தின்னும். மீதிக்குத் தனி இழை போடுங்க, இது ஆட்டோ இழை.

#11 நல்லூர்110
டீசலால கழுவி, பிரேக் கிளீனர் அடிச்சு, பவுடர் போட்டு 12 கிலோமீற்றர் ஓடினது. பிறகு அடியில பெரிய மட்டை விரிச்சு, நாலு சில்லும் எங்க நிக்குதெண்டு அதில கீறி வைச்சது.
முதல் ஒரு மணித்தியாலத்தில ரண்டு இடத்தில துளி. ஒண்டு இடது முன்பக்கம், றேடியேற்றருக்கும் கியர்பெட்டிக்கும் இடையில, நல்ல சிவப்பு, 7 துளி. மற்றது எஞ்சினும் பெட்டியும் பொருந்துற இடத்துக்கு நேர கீழ, கறுப்பு, 3 துளி. விடியும் வரைக்கும் சிவப்பு ஒரு துளிகூடக் கூடேல்லை. கறுப்பு மட்டும் இன்னும் ரண்டு.

#12 ஒயில்கறை
இப்பத்தான் பிரிஞ்சு வந்திருக்கு. சிவப்பு முதல் மணித்தியாலத்தோட நிண்டது முக்கியம். அமுக்கத்தில வெளியேறின ஒயில் ஹோசிலயும் கிளிப்பிலயும் தங்கி நிண்டு, கார் நிண்டாப் பிறகு வடிஞ்சு முடிஞ்சிருக்கு. டிப்ஸ்டிக் குழாயின்ர அடி ஓ-றிங்கோ லீவர் தண்டு சீலோ எண்டால் எதிர்மாறா இருந்திருக்கும்: கொன்வேட்டர் ஒயில் பானுக்கு இறங்கி மட்டம் ஏற ஏற, விடிய விடியச் சொட்டியிருக்கும். இடமும் பொருந்துது. றேடியேற்றரின்ர அடித் தொட்டிக்குப் போற ரண்டு ரப்பர் ஹோசையும் இப்ப கையால வளைச்சுப் பாருங்கோ. கிளிப்புக்குக் கிட்ட மயிர் வெடிப்பு, அல்லது ரப்பர் மரக்கட்டை மாதிரி இறுகியிருக்கும்.

கறுப்பு எஞ்சின் ஒயில். உடன கிராங்கின்ர (எஞ்சினின்ர முக்கிய சுழல் தண்டு) பின் சீல் எண்டு ஓடாதேங்கோ. 5ஏ எஞ்சினில டிஸ்ரிபியூற்றர் சிலிண்டர் ஹெட்டின்ர இடது முனையில, பெல் ஹவுசிங்குக்கு நேர மேல இருக்கு. அதின்ர ஓ-றிங் பழசாகி இறுகினால் ஒயில் ஹெட்டின்ர முனையால வழிஞ்சு, பெல் ஹவுசிங் விளிம்பைச் சுத்திக்கொண்டு அடியில வந்து துளிக்கும். கீழயிருந்து பாக்கிற ஆளுக்கு அது கிராங் சீல் மாதிரியும், சிவப்போட கலந்தால் கியர்பெட்டி முன் சீல் மாதிரியும் தெரியும். உங்கட ரிசூ இதைத்தான் சொல்லியிருக்கு. வால்வ் கவர் கஸ்கெற்றின்ர மூலையையும் அதோட பாருங்கோ.

#13 கோவை_ராட்செட்
முன் சீலைக் கணக்குல இருந்து எடுக்கிறதுக்கு முன்னாடி ஒரே ஒரு சோதனை. கன்வெர்ட்டர் போல்ட்டுக்கு எட்டுறதுக்குன்னு பெல் ஹவுசிங் அடியில ஒரு மூடி இருக்கும். அதைக் கழட்டி டார்ச், சின்னக் கண்ணாடி வச்சு உள்ள பாருங்க.

உள் சுவர்ல வட்டமா தெளிச்ச மாதிரி ஈரம் இருந்தா கன்வெர்ட்டர் சுத்தும்போது விசிறியிருக்கு, அது பம்ப் சீல் அல்லது கன்வெர்ட்டர் வெல்டிங் விரிசல். கன்வெர்ட்டர் முதுகு காஞ்சு இருந்து, பம்ப் பக்கச் சுவர்ல மட்டும் மேல இருந்து கீழ வழிஞ்சிருந்தா பம்ப்போட பெரிய ஓ-ரிங். ஃபிளெக்ஸ் பிளேட்டுக்கு (கிராங்கையும் கன்வெர்ட்டரையும் இணைக்கிற தகடு) இன்ஜின் பக்கம் கறுப்பா நனைஞ்சிருந்தா அப்பதான் கிராங்க் பின் சீல். உள்ள தூசியும் துருவும் காஞ்சு கிடந்தா பெட்டியை இறக்க ஒரு காரணமும் இல்லை.

அடியில போகும்போது ஜாக்கை மட்டும் நம்பாதீங்க. ஸ்டாண்டு ரெண்டு, பின் சக்கரத்துக்குக் கட்டை.

#14 பஞ்சிகாவத்தை_பட்டியல்
ஹோஸ் வாங்கும்போது கடையில் "ஓட்டோ கியர் ஒயில் கூலர் ஹோஸ்" என்றே கேளுங்கள். தண்ணீர் ஹோசும் சாதாரண ரப்பர்க் குழாயும் சூடான ஏ.டி.எஃப் பட்டால் ஊதி, இளகி, குழாய் நுனியில் இருந்து வழுக்கிக்கொண்டு வரும். பழைய ஹோசில் ஒரு துண்டு வெட்டிக்கொண்டு போய் உள் விட்டத்தை ஒப்பிடுங்கள். இரண்டையும் ஒன்றாக மாற்றவும். ஒரே வயது, ஒன்று போனால் மற்றதும் போகும். கிளிப்பை இரும்புக் குழாய் நுனியில் உள்ள புடைப்பைத் தாண்டி உள்பக்கம் வைக்க வேண்டும். புடைப்பின் மேலேயே வைத்து இறுக்கினால் ஒரு மாதத்தில் திரும்பவும் கசிவு.

ஹோசை இழுக்கும்போது றேடியேற்றர் அடித் தொட்டியின் நிப்பிளை முறுக்க வேண்டாம். இறுகிப்போன ஹோசை நீளமாகப் பிளேடால் கீறி உரித்து எடுங்கள். நிப்பிளோடு உள் கூலர் அசைந்து, அதன் சீல் விட்டால் ஏ.டி.எஃப்பும் கூலன்ட்டும் கலக்கும். றேடியேற்றர் மூடியைத் திறந்தால் ஸ்ட்ரோபெரி மில்க் ஷேக் மாதிரி இருக்கும். வெளியில் துளியே இல்லாமல் டிப்ஸ்டிக் குறைகிறவர்கள் அங்கேயும் ஒரு தடவை பார்க்க வேண்டும்.

#15 நல்லூர்110
மூடி கழட்டிப் பாத்தாச்சு. உள்ளுக்கு முழுக்கக் காய்ஞ்ச தூசி. விசிறின அடையாளம் ஒண்டும் இல்லை. மேல் ஹோசில கிளிப்புக்கு வெளியால சுத்தவர வெடிப்பு. எஞ்சின் ஓட விட்டு றைஸ் பண்ணினால் அதில ஒயில் முத்து முத்தா வருது. டிஸ்ரிபியூற்றருக்குக் கீழ போட்ட பவுடரும் கறுத்துப்போச்சு.
ரண்டு கேள்வி. டிஸ்ரிபியூற்றரைக் கழட்டினால் ரைமிங் (ஸ்பார்க் விழுற நேரம்) போகுமோ? இடது அக்சில் சீல் பக்கமும் லேசா ஈரம், துளி இல்லை. அதையும் இப்பவே மாத்திறதோ?

#16 ஒயில்கறை
டிஸ்ரிபியூற்றர்: கழட்ட முதல் உடம்பிலயும் ஹெட்டிலயும் சேர்த்து பெயின்ற்றால ஒரு கோடு இழுங்கோ. மூடியை வயருகளோட ஒரு பக்கம் வைச்சிட்டு, றோட்டர் எந்தப் பக்கம் பாக்குதெண்டு படம் எடுங்கோ. அதுக்குப் பிறகு எஞ்சினைச் சுத்தக் கூடாது. புது ஓ-றிங்குக்கு ஒயில் தடவிப் போட்டு, கோட்டுக்குக் கோடு வைச்சுப் பூட்டுங்கோ. முடிய ரைமிங் லைற் பிடிச்சுப் பாக்க வேணும்: டயக்னோசிஸ் பெட்டியில டீஈ1, ஈ1 எண்ட ரண்டு முனையையும் வயரால இணைச்சு, ஐடிலில 10 பாகை. வயரை எடுக்க மறக்காதேங்கோ. மூடிக்குள்ளயே ஒயில் கிடந்தால் அது ஓ-றிங் இல்லை, தண்டின்ர உள் சீல்; அதுக்கு வேற வேலை.

அக்சில் சீல்: துளி இல்லையெண்டால் இப்ப தொட வேண்டாம். துடைச்சுவிட்டு, முதல் பிறீதரைக் கழட்டி ஊதிப் பாருங்கோ. பிறீதர் அடைச்சால் சூட்டில உள்ளுக்கு அமுக்கம் ஏறி, நல்ல சீலாலயும் ஒயில் கசியும். இதைப் பாக்காமல் சீல் மாத்தினால் புதுசும் ஒழுகும், பிறகு பழி கடைக்காரருக்கு. ஈரத்துக்கு மேலயும் பாருங்கோ, ஸ்பீடோ கியர் ஓ-றிங் மாதிரி மலிவான ஒண்டு மேலயிருந்து வழிஞ்சு வந்து அக்சில் சீல் மாதிரி நடிக்கும்.

பிறகு மாத்த வேண்டி வந்தால்: ஹப் நட் 30 மி.மீ. சொக்கெற், திரும்பப் பூட்டேக்க 216 நியூட்டன் மீற்றர். ஒயிலை முதல் வடிச்சுப்போடுங்கோ. தண்டைப் பிடிச்சு இழுக்கக் கூடாது, உள் ஜொயின்ற் பிரிஞ்சு வந்திடும். உள் ஜொயின்றுக்கும் பெட்டிக்கும் இடையில லீவரை வைச்சு ஒரு தட்டு. வளையம் கழண்டு வரும். சீல் இருக்கிற இடத்தில தண்டை நகத்தால வருடிப் பாருங்கோ. நகம் தட்டுப்பட்டால் குழி விழுந்திருக்கு. புதுச் சீலை ஒரு மி.மீ. முன் பின்னா வைச்சால் உதடு தேயாத இடத்தில உக்காரும். சீலை அடிக்க முதல் ஜொயின்றை மேல கீழ ஆட்டிப் பாத்துக்கொள்ளுங்கோ. கூட ஆடினால் டிஃபரென்ஷியல் (ரண்டு சில்லுக்கும் சுழற்சியைப் பிரிச்சுக் குடுக்கிற பகுதி) பெயாரிங் தேய்ஞ்சிருக்கு. அப்ப எந்தச் சீலும் நிக்காது.

#17 பஞ்சிகாவத்தை_பட்டியல்
ஒரு இடைச்செருகல். பழைய 3 கியர் ஏ131 பெட்டி உள்ளவர்கள் அக்சில் சீல் ஒழுகினால் டிப்ஸ்டிக்கை நம்ப வேண்டாம். அதில் டிஃபரென்ஷியலுக்குத் தனி ஒயில், 1.4 லிட்டர், தனி நிரப்பு பிளக். டிப்ஸ்டிக் சரியாகக் காட்டிக்கொண்டிருக்கும், டிஃபரென்ஷியல் வறண்டுபோயிருக்கும். கரகரவென்று சத்தம் வந்த பிறகு தெரிந்து பயனில்லை.

#18 கோவை_ராட்செட்
ஆயில் பான் போல்ட்டு ஈரமா தெரிஞ்சாலும் சும்மா இறுக்கிட்டே போகாதீங்க. 10 மி.மீ. தலை, வெறும் 5 நியூட்டன் மீட்டர்தான் கணக்கு. சின்ன ராட்செட்டை ரெண்டு விரல்ல பிடிச்சுத் திருப்புற அளவு. அதுக்கு மேல போனா பான் விளிம்பு ஓட்டைக்கு ஓட்டை குழிஞ்சு, நடுவுல வாய் பிளக்கும். அப்படி ஆனதைக் கழட்டி, மரக்கட்டை மேல கவுத்து, சுத்தியால தட்டி நேராக்கித்தான் புது கேஸ்கெட் போடணும். சிலிக்கான் பூசுறது எனக்குப் பிடிக்காது. உள்பக்கம் பிதுங்கினது உதிர்ந்து ஸ்ட்ரெய்னர்ல (ஆயில் வடிகட்டி) போய் ஒட்டிக்கும். பானைக் கழட்டினா காந்தத்தைப் பாருங்க: சாம்பல் நிறச் சேறு சகஜம், ஊசி ஊசியா இரும்புத் துகள் இருந்தா லீக் உங்க பெரிய பிரச்சினை இல்லை.

#19 நல்லூர்110
ரண்டு ஹோசும் நாலு கிளிப்பும், டிஸ்ரிபியூற்றர் ஓ-றிங்கும் மாத்தியாச்சு. ரைமிங் 10 பாகை. பிறீதர் மூடி சேறு பிடிச்சு அசையாமல் இருந்தது, இப்ப ஆடுது. மட்டை விரிச்சு மூண்டு இரவு, துளி இல்லை. சூடாக்கி, எஞ்சின் ஓட விட்டுப் பாத்தால் மட்டம் 'ஹொட்' கீழ்க் கோட்டுக்குச் சற்றுக் கீழ. எவ்வளவு விடலாம்?

#20 ஒயில்கறை
100 மில்லி விட்டு, ரண்டு நிமிசம் பொறுத்து, திரும்பப் பாருங்கோ. குழாய் நீளம், ஒயில் இறங்க நேரம் எடுக்கும், அவசரப்பட்டால் கூடிப்போகும். ரண்டு கோட்டுக்கும் நடுவில வந்தால் நிப்பாட்டுங்கோ, மேல் கோடு வரைக்கும் போக வேண்டாம். டெக்ஸ்ரோன் 3 தரம். பிந்தின கொரோலாக்களுக்கு வந்த டைப் டி-4 இதுக்கு வேண்டாம். புனல் நுனியைத் துடைச்சுப்போட்டு வையுங்கோ, ஒரு மணல் வால்வ் பொடியில மாட்டினால் கியர் விழுறது தடுமாறும்.

500 கிலோமீற்றரில கிளிப்புகளையும், இடது அக்சில் சீல் அடியையும் ஒருக்கா துடைச்சுப் பாருங்கோ. மட்டையை அதுவரைக்கும் எறியாதேங்கோ.